கொலு லிஸ்டில் ஐந்தாவது பெயர்

எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. ஏழுக்கு முன்னால் மூன்று என்பது அதற்கே தெரியும். ஆட்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் அப்படியே நின்றுவிடும். இவரா அவரா, யார் முன்னால், எதை வைத்துச் சொல்வது என்று நம்மைக் கேட்கும். அதற்கு நாம் ஒரு விதி எழுதித் தர வேண்டும். இரண்டு பேரை எடுத்துப் பார், முதல் ஆள் முன்னால் வர வேண்டுமானால் கழித்தல் எண், பின்னால் என்றால் கூட்டல் எண், இரண்டு பேரும் சமம் என்றால் பூஜ்யம். ஜாவா எழுதிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய காலத்தில் கழித்தலையும் கூட்டலையும் பற்றித்தான் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். பூஜ்யத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. அதனால் எனக்கு வேண்டிய ஒருத்தர் எவ்வளவு நொந்துபோனார் என்பதை இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

அப்பா கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எல்லோரும் மெட்ராஸுக்கோ திருச்சிக்கோ கிளம்ப, எங்கள் வீட்டில் மட்டும் என் வேலையைக் காரணம் காட்டி லேக் கார்டன்ஸில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார்கள். நான் தினமும் பஸ் பிடித்து சால்ட் லேக்கில் இருந்த ஆபீசுக்குப் போய் வருவேன். அம்மாவுக்குப் பொழுது போனது தமிழ் மாமிகளின் குழுவில். வருஷம் முழுக்க அந்தக் குழுவுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. நவராத்திரிக்கு முன்னால் ஒரே ஒரு வேலை உண்டு, கொலு லிஸ்ட் தயாரிப்பது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் நவராத்திரியும் துர்கா பூஜையும் ஒன்றாக வரும். சஷ்டி வந்துவிட்டால் தெருவெல்லாம் பந்தல், போலீஸ் தடுப்பு, கூட்டம். டாக்சிக்காரன் வரவே மாட்டான். அதற்குள் நம்மவர்கள் கொலு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வாங்கி வந்துவிட வேண்டும். யார் யாரைக் கூப்பிடுவது, எந்த வீடு எங்கே என்பதற்காக ஒரு லிஸ்ட். பல வருஷமாக அதை ஒரு நீள நோட்டில் செயலாளர் மாமிதான் கையால் எழுதிவந்தார். அந்த லிஸ்டில் பெயர் இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் சட்டம்.

அந்த நோட்டின் வரிசைதான் வருஷா வருஷம் சண்டைக்குக் காரணம். பெரிய ஆபீசரின் மனைவி முதல் பக்கத்தில், குமாஸ்தாவின் மனைவி கடைசிப் பக்கத்தில் என்று ஒரு மாமி கணக்குப் போட்டுச் சொன்னதும் குழுவே இரண்டாகப் பிரிந்தது. அகர வரிசை என்றார்கள். அதில் முதலில் வருகிறவர் ஒவ்வொரு வருஷமும் அவரே என்பதில் இன்னொரு மனத்தாங்கல். அப்போதுதான் அம்மா, என் பெண் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவாள், மிஷின் போட்ட வரிசைக்கு யார் என்ன சொல்ல முடியும் என்று பெருமையாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எனக்கும் அதில் ஆசைதான். ஆட்டோவில் போகிற வழியை வைத்து வரிசை போடலாம் என்று யோசனை சொன்னேன். முதலில் லேக் கார்டன்ஸ், அடுத்து டாக்குரியா, அப்புறம் பாலிகஞ்ச், கடைசியில் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸ். ஒரே பேட்டையில் இருப்பவர்களுக்குத் தெரு, ஒரே தெருவில் வீட்டு எண், அதற்கப்புறம் மாடி. ஏறி இறங்கி அலையாமல் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். மாமிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உத்தியோகமும் இல்லை, அகரமும் இல்லை, யாரும் யாருக்கும் மேலே இல்லை.

நோட்டைப் பார்த்து நூற்று நாற்பத்து மூன்று பெயர்களைத் தட்டினேன். நோட்டில் ஒரு தொல்லை இருந்தது. சில மாமிகளை இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. சாதாரண லிஸ்டுக்குப் பதிலாக, சேர்க்கும்போதே வரிசைப்படுத்திக்கொள்கிற ஒரு வகை செட் ஜாவாவில் உண்டு. ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை அது உள்ளே விடாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று குஷியாக அதையே பயன்படுத்தினேன். வந்த தாளில் இரட்டைப் பெயர்கள் காணாமல் போயிருந்தன, வரிசை ஒழுங்காக இருந்தது. வரிசை ஒழுங்காக இருந்தால் எல்லாமே ஒழுங்கு என்று நினைக்கிற வயது அது. ஃபிளாப்பியில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். செயலாளர் மாமி அதை லேக் மார்க்கெட் பக்கம் ஒரு அச்சுக் கடையில் கொடுத்து, மேலே பிள்ளையார் படம் போட்டு, பிரதியெடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்.

மறுநாள் காலையிலிருந்து போன். டாக்குரியாவில் ஒரு மாமியாரின் பெயர் இல்லை, மாட்டுப்பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. அந்த வீட்டில் அன்று சமையல் நடந்ததா என்றே சந்தேகம். கார்டன் ரீச்சில் ஒரு அக்கா தங்கையில் தங்கை விட்டுப்போயிருந்தாள். இப்படி நாலு பேர். எனக்கு ஆபீசில் தலைக்குமேல் வேலை. எங்கே தப்பு என்று பார்க்காமலே, 'விடுபட்ட பெயர்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டில் நாலையும் தட்டிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டில் ஐந்தாவது பெயருக்கும் இடம் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பாலிகஞ்சில் ஒரு ஃப்ளாட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து இருந்தார்கள். ஓரகத்திகள் இரண்டு பேரையும் நாங்கள் பெரிய மாமி, சின்ன மாமி என்போம். தொண்ணூறுகளின் நடுவில் நான் கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சின்ன மாமியின் வீட்டுக்காரர் பேங்க் ஆபீசர், ஆசைக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் தோறும் அங்கே போய் எழுதிப் பழகுவேன். சின்ன மாமி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, என்ன பண்ணுகிறாய், ஏன் பண்ணுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வரிசைப்படுத்துவது எப்படி என்று சீட்டுக்கட்டை வைத்து அவருக்கு விளக்கியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே போவதை என்னைவிட வேகமாகச் செய்து காட்டுவார். அவருக்கும் எனக்கும் பதிமூன்று வயதுதான் வித்தியாசம். எனக்கு இருந்த ஒரே பெரிய சிநேகிதி என்றே சொல்லலாம்.

லிஸ்ட் போட்ட அந்த வருஷம் மாசி மாதத்தில் அவருடைய கணவர் ஆபீசிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கணவனை இழந்தவர்களை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடுவதில்லை என்பது வழக்கம். நோட்டு அதற்கு முந்தைய வருஷத்தது, அதில் அவர் பெயர் இருந்தது. தட்டும்போது அந்த வரியில் என் கை நின்றது. யாரையும் கேட்காமல் அந்தப் பெயரையும் தட்டிச் சேர்த்தேன். எடுப்பதாக இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், என் கையால் எடுக்க மாட்டேன் என்று ஒரு வீறாப்பு.

அச்சான பிரதி வந்தபோது பாலிகஞ்ச் பகுதியைத்தான் முதலில் பார்த்தேன். பெரிய மாமி இருந்தார். சின்ன மாமி இல்லை. செயலாளர் மாமி அச்சுக் கடையில் வைத்து எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேருக்குச் சீட்டு அடித்த அன்றும் கேட்கவில்லை. பூஜை முடியும்வரை பாலிகஞ்ச் பக்கமே போகவில்லை. வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பிறகு ஆபீசில் ஒரு சிக்கல். வாடிக்கையாளர்களின் புகார்களை நேர வரிசையில் காட்டுகிற நிரல் ஒன்று எழுதியிருந்தேன், அதில் சில புகார்கள் காணவில்லை என்று சத்தம். பக்கத்து இருக்கையில் இருந்த வங்காளி அண்ணா ஒருத்தர் என் விதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒரே நிமிஷத்தில் இரண்டு புகார் வந்தால் உன் விதி பூஜ்யம் சொல்கிறது, செட்டுக்குப் பூஜ்யம் என்றால் இரண்டும் ஒன்றே, முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும் என்றார். எனக்குக் கொலு லிஸ்ட்தான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொலு லிஸ்டின் நிரலைத் திறந்து பார்த்தேன். பேட்டை, தெரு, வீட்டு எண், மாடி. அதோடு என் விதி முடிந்துவிட்டது. பெயரை ஒப்பிடவே இல்லை. ஒரு ஃப்ளாட்டுக்கு ஒருத்தி என்று எந்தப் பைத்தியக்காரத்தனத்தில் நினைத்தேனோ. ஒரே கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தால் நோட்டில் முதலில் எழுதியவரை வைத்துக்கொண்டு, அடுத்தவரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நோட்டோடு ஒப்பிட்டு எண்ணினேன். அப்படி விழுந்தவர்கள் ஐந்து பேர். நாலு பேருக்குப் போன் வந்தது. ஐந்தாவது சின்ன மாமி.

செயலாளர் மாமி எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. நான்தான் எடுத்திருக்கிறேன்.

அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். லிஸ்டைப் பார்த்ததும் கவனித்தாளாம். செயலாளர் மாமிதான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தாளாம். செயலாளர் மாமியோ நாங்கள் எடுத்துக் கொடுத்ததாக நினைத்து, நல்லவேளை, யாரும் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டார்கள்.

"எனக்கும் அப்பாடான்னுதாண்டி இருந்தது," என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை. மற்ற நாலு பெயர்களும் தப்பாக விழுந்தவை என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது, ஏனென்றால் அவை இருக்க வேண்டிய பெயர்கள். இந்த ஒரு பெயர் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம், ஒருத்தருக்குக்கூட அது தப்பாகப் படவில்லை. நிரலில் இருந்த பிழையை ஒரு வரியில் திருத்திவிடலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே பாலிகஞ்ச் போனேன். சின்ன மாமிதான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை, வா என்று உள்ளே கூட்டிப்போய் டீ போட்டார். அவர் லிஸ்டைப் பார்த்திருந்தார். பெரிய மாமி அதை ஒளித்து வைத்திருந்தாராம், இவர் வேறெதையோ தேடும்போது கிடைத்திருக்கிறது. நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் தப்பு, என் தப்பு என்று மாற்றி மாற்றி உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலவே கேட்டார்.

"வரிசைப்படுத்தினா ஆள் இடம்தானே மாறணும். காணாம எப்படிப் போவா?"

சரியான கேள்வி. லிஸ்டை எத்தனை தடவை வரிசைப்படுத்தினாலும் உள்ளே இருக்கிற தலை குறையாது. சமமாக இருக்கிற இரண்டு பேரை அடுத்தடுத்து வைக்கும், அவ்வளவுதான். நான்தான் லிஸ்டை விட்டுச் செட்டுக்குப் போனேன், அங்கே சமம் என்றால் ஒருத்தர் போதும் என்று அர்த்தம். இதைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது. தலையாட்டினார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மத்த நாலு பேருக்கும் சீட்டு வந்துதே. எனக்காக யாரும் கேக்கலையா?"

இல்லை என்றேன்.

"நீ பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த முகத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியாமப் பண்ணினது, அதை விடு," என்றார். "வெத்தலை பாக்குக்காக நான் ஏங்கலை. யாராவது ஒருத்தி வந்து, வரியான்னு கேட்டிருக்கலாம். வரலைன்னு நானே சொல்லியிருப்பேன். வரலைன்னு சொல்றதுக்காவது லிஸ்ட்ல பேர் வேணுமே."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் உலர்ந்த துணிகளை மடித்து வைத்தாள். அதற்கப்புறம் பல மாதம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் செட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சாதாரண லிஸ்டுக்கே வந்தேன். மாடிக்குப் பிறகு பெயரையும் ஒப்பிடச் சொன்னேன். இரட்டைப் பெயர்களை மட்டும் கண்ணால் பார்த்து எடுத்தேன். பத்து நிமிஷ வேலை. புதிய நோட்டைச் செயலாளர் மாமி புதிதாக எழுதியிருந்தார், அதில் சின்ன மாமியின் பெயர் இல்லை. அம்மா நோட்டிலிருந்து படிக்க, நான் தட்டினேன். பாலிகஞ்ச் பக்கம் வந்தது. பெரிய மாமியின் பெயரைப் படித்துவிட்டு அம்மா நிறுத்தினாள். நானும் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் ஒன்றும் சொல்லாமல் சின்ன மாமியின் பெயரைத் தட்டினேன். அதே தெரு, அதே எண், அதே மாடி. அவள் திரையைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஃபிளாப்பியை நானே அச்சுக் கடைக்கு எடுத்துப்போனேன்.

பிரதிகள் போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை போன் அடித்தது. செயலாளர் மாமி. குரலில் கோபம் இல்லை, ரொம்ப நயமாகவே பேசினார். பாலிகஞ்சில் ஒரு பெயர் கூடுதலாக வந்துவிட்டது, போன வருஷம் மாதிரி கம்ப்யூட்டர்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறது போலிருக்கிறது, ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்றார்.

இல்லை மாமி, போன வருஷம்தான் தப்பு, இந்த வருஷம் சரியாகத்தான் போட்டிருக்கிறது என்றேன். அம்மாவிடம் கொடு என்றார்.

அம்மா சண்டை போடத் தெரியாதவள். அப்பாவின் மேலதிகாரிகளின் மனைவிகளுக்கு நடுவில் முப்பது வருஷம் சிரித்துச் சிரித்தே காலம் தள்ளியவள். ரிசீவரை வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். உம், உம் என்றாள். எப்படியும் சரி என்று சொல்லிவிடுவாள், சீட்டை நான்தான் அடிக்க வேண்டியிருக்கும், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவ மேல தப்பில்லே. நான் சொல்லித்தான் போட்டா," என்றாள் அம்மா.

அப்படி அவள் சொல்லவே இல்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேச்சு. அதற்கும் உம் கொட்டிவிட்டு, இஷ்டமில்லாதவர்கள் கூப்பிட வேண்டாம், எங்கள் வீட்டில் நாங்கள் கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, உட்காராமல், அந்தக் கையோடே பாலிகஞ்ச் நம்பரைச் சுழற்றினாள்.

எடுத்தது பெரிய மாமி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று முறையாக அழைத்தாள். வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு அழைப்புத்தான், பெரியவரிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் சொன்ன மாதிரி. பெரிய மாமி வைக்கப்போனார் போலிருக்கிறது.

"வச்சுடாதீங்கோ," என்றாள் அம்மா. "உங்களைக் கூப்பிட்டாச்சு. அவகிட்டக் குடுங்கோ. அவளைத் தனியாக் கூப்பிடணும்."

சின்ன மாமி போனுக்கு வர நேரமாயிற்று. அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்ததும் பெயர் சொல்லி அழைத்தாள்.

"வெள்ளிக்கிழமை கொலுவுக்கு வரியா?" என்று கேட்டாள்.

பதில் எனக்குக் கேட்கவில்லை. பதில் வந்ததா என்றும் தெரியவில்லை. அம்மாவின் கண் நிறைந்துகொண்டு வந்தது.

"அவசரமில்லே, யோசிச்சே சொல்லு," என்றாள். "நானே கேக்கறதுக்கு ஒரு வருஷம் எடுத்துண்டேன்."